மூன்று லட்சம் பெண்கள் கேட்டால்

மணிலா
1934 ஆகஸ்ட் 5

அன்புள்ள செவெரீனா அக்காவுக்கு,

உன் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கிக்கொண்டு லியாந்த்ரோ எழுதுவது. நானும் கொன்சுவேலோவும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இந்த மழையில் படகேறிப் பிரசவம் பார்க்கப் போகாதே என்றால் நீ கேட்கப்போவதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அரசியல் நிர்ணய சபை போன திங்கட்கிழமை கூடியது. இருநூறு பேர், இருநூறு வெள்ளை உடுப்பு, கஞ்சி வாசனையே ஒரு மைல் அடித்தது. அமெரிக்கர்கள் மூட்டை கட்டுவதற்குள் நம் நாட்டுக்கு நாமே அடிப்படைச் சட்டம் எழுதிக்கொள்ள வேண்டும். அதை எழுதுகிறவர்களில் சாந்தா லூசியா மருத்துவச்சி வளர்த்த தம்பியும் ஒருவன். "கிடங்குத் தீ வழக்கில் பதினொரு நார்க்கூலிகளை மீட்ட வக்கீல்" என்றுதான் என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்தார்கள். கிடங்குக்குத் தீ வைத்தார்கள் என்று அவர்கள்மேல் போட்ட அந்த வழக்கு முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சோர்சொகோன் மாகாணத்தைத் தாண்டி யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

என்னை இரண்டு குழுக்களில் போட்டிருக்கிறார்கள். ஒன்று குடிமக்கள் உரிமை, இன்னொன்று வாக்குரிமை. பக்கத்து நாற்காலி டான் மக்காரியோ என்கிற கிழவர். முதல் நாளே என் காதில், "தம்பி, இங்க நல்லா பேசினா அடுத்த சட்டசபையில உனக்கு நாற்காலி நிச்சயம். நான் எத்தன பேர பாத்திருக்கேன்" என்றார். அவர் சொல்வது சரியென்றே எனக்கும் படுகிறது.

பீலிக்கொட்டை மிட்டாய் அனுப்பு. இங்கே விற்பதில் சர்க்கரைதான் இருக்கிறது, கொட்டையைக் காணோம்.

உன் தம்பி,
லியாந்த்ரோ

*

சாந்தா லூசியா, சோர்சொகோன்
1934 ஆகஸ்ட் 28

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் உன்னையும் கொன்சுவேலோவையும் குறையில்லாமல் வைக்கட்டும். எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது. மிட்டாய் இதோடு வருகிறது. கொன்சுவேலோவுக்கும் கொடு.

உன் கடிதத்தை மீன் சந்தையில் நின்றபடியே படித்தேன். மீன்காரி புருடென்சியா எட்டிப் பார்த்தாள்.

"தம்பி அங்க என்ன பண்றாரு?"

"சட்டம் எழுதறான்."

"பொம்பளைங்க ஓட்டுப் போடலாமா கூடாதான்னும் அவருதான் எழுதுவாராமே?"

"அந்தக் குழுவிலயும் இருக்கானாம்."

"அப்போ ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க பேச்ச தட்டிட்டு வேற யார் பேச்ச கேட்டுடப் போறாரு?"

அதனால் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். என் கையில் பிறந்த பையன்கள் மீசை முளைத்து ஓட்டுப் போடுகிறார்கள். தேர்தலன்று சாவடி வாசலில் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். நான் வெளியே நிற்கிறேன். எனக்கு ஓட்டு வேண்டும் தம்பி. சுற்றி வளைக்கத் தெரியாது, நேராகவே கேட்கிறேன். நீ எந்தப் பக்கம்?

பதிலுக்குக் காத்திருக்கிறேன். புருடென்சியாவும்தான்.

அக்கா,
செவெரீனா

*

மணிலா
1934 அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நெற்றியில் உன் கை. இருவரும் நலம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே, ஒரு நாளும் ஏழு மணிக்கு முன் வீடு திரும்பியதில்லை. மிட்டாய் இரண்டே நாளில் காலி. டான் மக்காரியோவுக்குப் பல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் அவர்தான் தின்றார்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. உரிமைகள் குழுவில் நான் எழுதிய வரி ஒன்று வரைவில் ஏறிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவன் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிடங்குத் தீ வழக்கில் அந்தப் பதினொரு பேரும் பயத்தில் வாயடைத்து நின்றது உனக்கு நினைவிருக்கும். அவர்களை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். தலைவர் வாசித்து முடித்ததும், "சுத்தமான வரி" என்றார். அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

வேறு குழுக்களிலும் வேலை நடக்கிறது. விவரம் பிறகு.

கூரைக்குப் புது ஓலை போட்டாயா? புயல் மாதம்.

உன் தம்பி,
லியாந்த்ரோ

*

மணிலா
1934 நவம்பர் 20

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கொன்சுவேலோ பணிவுடன் எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் எழுதியது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

போன வாரம் பெண்கள் வாக்குரிமை சபைக்கு வந்தது. பார்வையாளர் மாடத்தில் இடமே இல்லை. நானும் தோழிகளோடு போயிருந்தேன். அவர் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவளிடம், "இவர்தான் என் கணவர்" என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எதிர்த்துப் பேசினார், அண்ணி. அதுகூடப் பரவாயில்லை, எத்தனையோ பேர் எதிர்த்தார்கள். அவர் உங்களை வைத்துப் பேசினார். "என்னை வளர்த்தவர் என் அக்கா. மாகாணத்தில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்த கை அவருடையது. அப்படிப்பட்ட பெண்மணி இன்றுவரை ஓட்டு வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இனியும் கேட்கமாட்டார். வீடே அவருடைய ராஜ்யம்." சபை எழுந்து நின்று கைதட்டியது.

ஆகஸ்டில் நீங்கள் எழுதிய கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"அக்கா கேட்டிருந்தாங்களே?"

"அது கடுதாசி. இது சபை" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பேரில் ஒரு பொய் ஊர் சுற்றக் கூடாது. அதற்காகத்தான் எழுதினேன்.

அன்புடன்,
கொன்சுவேலோ

*

சாந்தா லூசியா
1934 டிசம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

கிறிஸ்துமஸில் பிறக்கப்போகும் பாலன் இயேசு உங்கள் வீட்டுக்கு எல்லா நன்மையும் கொண்டுவரட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. கூரை போட்டாயிற்று.

இரண்டு உதவி வேண்டும். சபையில் நீ பேசிய பேச்சுகள் அச்சாகி வந்தால் ஒன்று விடாமல் அனுப்பு. அப்புறம் மணிலாவில் அரிச்சுவடி நாற்பது வாங்கி அனுப்பு. பெரிய எழுத்தாக இருக்கட்டும்.

அக்கா,
செவெரீனா

*

மணிலா
1935 மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கை நெற்றியில். இருவரும் சுகம். நீ இவ்வளவு சுருக்கமாக எழுதினால் முழங்கால் மோசமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

வேலை முடிந்தது. சட்டத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. உனக்கென்று ஏழு பேச்சுகளைக் கட்டி அனுப்புகிறேன். அரிச்சுவடி நாற்பதும் வருகிறது. உன் கையில் பிறக்கிற பிள்ளைகள் தொட்டிலிலேயே படிக்கத் தொடங்கிவிட்டார்களா என்ன?

சந்தையில் கேட்டால் சொல்வதற்கு: பெண்கள் விஷயத்தில் நாங்கள் கதவைச் சாத்திவிடவில்லை. இரண்டு வருஷத்துக்குள் ஒரு பொது வாக்கெடுப்பு நடக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் மட்டும் வாக்களிப்பார்கள். மூன்று லட்சம் பேர் வேண்டும் என்றால் சட்டசபை கொடுத்தே ஆக வேண்டும். நியாயமான ஏற்பாடு. யாருக்கும் மனவருத்தம் இல்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், அத்தனை பேர் வரமாட்டார்கள். சமையலை விட்டுவிட்டு யார் வெயிலில் வரிசையில் நிற்கப்போகிறார்கள் என்று டான் மக்காரியோ சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

செப்டம்பரில் சட்டசபைத் தேர்தல். நிற்கிறேன். ஜெயிப்பேன்.

உன் தம்பி,
லியாந்த்ரோ

*

மணிலா
1937 ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கை என் நெற்றியில். நாங்கள் நலம். கொன்சுவேலோவுக்கு மட்டும் இருமல்.

நான் சட்டசபைக்கு வந்து பதினாறு மாதம் ஆகிறது. அதில் உன்னிடமிருந்து வந்தவை நான்கு அட்டைகள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "நலமாக இருக்கிறேன். வேலை அதிகம்." ஊரில் அத்தனை பிள்ளைகளா பிறக்கின்றன?

நேற்று ஒரு விருந்தில் நம் மாகாணத்துக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் என்னை மடக்கினார். "என்ன வக்கீல் சார், உங்க ஊர்ப் பக்கம் ஒரு மருத்துவச்சி கிளம்பியிருக்காளாமே. பிரசவம் பாக்கப் போற வீட்டுலயெல்லாம் பொம்பளைங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தர்றாளாம். மூணு லட்சத்துல ஆயிரத்த நானே கொண்டுவரேன்னு சவால் விட்டிருக்காளாம்" என்றார். மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அது யார் என்று உனக்குத் தெரியுமா?

உன் தம்பி,
லியாந்த்ரோ

*

சாந்தா லூசியா
1937 பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இந்த மாகாணத்தில் மருத்துவச்சிகள் நிறையப் பேர். நான் நலமாக இருக்கிறேன். வேலை அதிகம். கொன்சுவேலோவின் இருமலுக்கு இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துக் கொடு.

அக்கா,
செவெரீனா

*

சாந்தா லூசியா
1937 மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் கொன்சுவேலோவும் திடமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் வீங்கியிருக்கிறது. அதற்குக் காரணத்தைச் சொல்கிறேன்.

ஏப்ரல் முப்பதாம் தேதி விடிந்ததும் பள்ளிக்கூடச் சாவடிக்குப் போனேன். எனக்கு முன்னால் எழுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மலையடிவாரத்து நார்க்காரர் வீட்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்பது மைல் நடந்து வந்திருந்தார்கள். ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பம். "நீ ஏண்டி வந்தே?" என்று அதட்டினேன். "வலி வந்தாலும் நீங்க இங்கதானே இருக்கப்போறீங்க. வீட்ல இருந்துட்டு யார கூப்பிடறது?" என்றாள்.

புருடென்சியாவுக்குக் கை நடுங்கியது. அதிகாரி, "வேணும்னா வீட்டுக்குப் போம்மா" என்றார். "மீன் வெட்டும்போது நடுங்கறதில்ல சார். இது வெட்டற காரியம் இல்ல, அதான்" என்று சொல்லி உட்கார்ந்து பதிவேட்டில் தன் பேரை எழுதினாள். அவள் எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. ஆனால் எழுதினாள்.

எங்கள் ஊரில் வேண்டும் என்றவர்கள் ஆயிரத்து நூற்று எட்டு. வேண்டாம் என்றவர்கள் பதினாறு. நாடு முழுக்க நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். நீ கேட்டது மூன்றுதான்.

இப்போது உன் விஷயம். ஏழு பேச்சு அனுப்பினாய். எட்டாவது பேச்சை நானே தேடி எடுத்துக்கொண்டேன். யார் கொடுத்தது என்று கேட்காதே, மணிலாவில் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. உன் அக்கா ஒரு வார்த்தை கேட்டதில்லை என்றாய். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி கேட்டேன். குற்றம் சாட்டப்பட்டவனின் மௌனத்தைக்கூட ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிய கை உன்னுடையது. வாய்விட்டுக் கேட்ட அக்காவை ஊமை என்று ஊருக்குச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

உடனே பதில் எழுத வேண்டாம். யோசித்து எழுது.

செவெரீனா

*

மணிலா
1938 செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கை என் நெற்றியில் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

பதினாறு மாதம் ஆகிவிட்டது. யோசித்து எழுது என்றாய், யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். எழுதப் பயந்தேன். போன டிசம்பரில் நீ ஊர்மன்ற உறுப்பினராக ஜெயித்த செய்தி பத்திரிகையில் வந்தது. வாழ்த்து எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம்.

நவம்பரில் மறுபடி தேர்தல். என்னை எதிர்த்து நிற்பவர் டான் பிபியானோ. நார்க் கிடங்குக்காரர். அந்தத் தீ வழக்கில் என் கட்சிக்காரர்கள் பதினொரு பேரையும் கூண்டில் ஏற்றியவர். தொகுதியில் இப்போது ஐந்தில் இரண்டு ஓட்டு பெண்களுடையது. அவர்கள் உன் பேச்சைத்தான் கேட்கிறார்கள் என்று எதிரிகளே சொல்கிறார்கள். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் உறையில் போடாமல் வைத்திருந்தேன். அப்படியே அனுப்பினால் 1934-இல் இருந்த அதே ஆளாகத்தான் இருப்பேன். ஆகவே இதையும் சேர்த்து எழுதுகிறேன். ஓட்டு கேட்டு நீ எழுதிய கடிதத்தை அன்று வாசிக்கக் கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் மனத்தில் இருந்தது. சபையில் எழுந்து நின்றபோதும் இருந்தது. கைதட்டு வாங்கவேண்டும் என்று அதை மறைத்தேன். கைதட்டும் கிடைத்தது, அடுத்த வருஷம் நாற்காலியும் கிடைத்தது.

லியாந்த்ரோ

*

சாந்தா லூசியா
1938 செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லமாட்டேன். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நான் சொல்லி அவர்கள் கேட்கவேண்டும் என்றால் அத்தனை அரிச்சுவடியும் எதற்கு? உனக்கு ஓட்டு வேண்டுமானால் நீயே வந்து கேள். அக்டோபர் இருபத்து மூன்று, ஞாயிறு பூசை முடிந்ததும், சந்தைக் கொட்டகை. வாத்தியக் கோஷ்டி வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன். அதில் உட்கார உனக்கு நேரம் கிடைக்குமா என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

டான் பிபியானோவையும் அதற்கு அடுத்த ஞாயிறு அழைத்திருக்கிறேன்.

அக்கா,
செவெரீனா

*

சாந்தா லூசியா
1938 அக்டோபர் 24

பிரியமுள்ள கொன்சுவேலோவுக்கு,

அக்கா ஊருக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் இருமல் நின்றதா?

நேற்றைய கூட்டத்தைப் பற்றி வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். முந்நூறு நானூறு பெண்கள் இருக்கும். முன் வரிசையில் அக்கா. பக்கத்தில் மீன்காரி புருடென்சியா. நான் வாயைத் திறக்குமுன் அவள் எழுந்துவிட்டாள்.

"பொம்பளைக்கு ஓட்டே வேணாம்னீங்க. இப்போ அதே ஓட்ட எனக்குப் போடுன்னு வந்து நிக்கிறீங்க. கூச்சமா இல்ல?"

"இருக்கு" என்றேன்.

"நல்லது. இல்லன்னு சொல்லியிருந்தா எழுந்து போயிருப்போம்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

அடுத்து அக்கா எழுந்தாள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"சட்டசபை உறுப்பினருக்கு ஒரு கேள்வி. உங்க அக்கா ஓட்டு கேட்டதே இல்லைன்னு மணிலாவில பேசினீங்க. அது நிஜமா?"

"பொய்."

"தெரிஞ்சு சொன்னதா, தெரியாம சொன்னதா?"

"தெரிஞ்சு."

"எதுக்கு?"

"கைதட்டுவாங்கன்னு."

"தட்டினாங்களா?"

"ரொம்ப நேரம்."

எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். கூண்டில் இருக்கிறவனுக்கு வாய் எப்படி உலரும் என்று நேற்றுதான் தெரிந்தது. "அவ்வளவுதான் என் கேள்வி. மத்தவங்க கேளுங்க" என்று சொல்லி அக்கா உட்கார்ந்தாள்.

அப்புறம் இரண்டரை மணி நேரம். மலையடிவாரத்துக்குச் சாலை ஏன் இல்லை? பிரசவத்தில் சிக்கல் வந்தால் முப்பது மைலுக்குள் டாக்டர் ஏன் இல்லை? நார் எடைபோடும் தராசை யார் சோதிக்கிறார்கள்? ஒரு கேள்விக்கும் பூசி மெழுக வழி இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றேன். அக்கா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நாற்காலியில் நான் உட்காரவே இல்லை.

ஜெயிப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன். அந்த நவம்பரில் மாடத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். அதற்காகவும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் வந்து கேட்கிறேன்.

உன்,
லியாந்த்ரோ

*

சாந்தா லூசியா
1938 டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கும் கொன்சுவேலோவுக்கும் என் ஆசி. முழங்காலுக்குப் புதுத் தைலம் ஒன்று பிடித்திருக்கிறது. படகில் ஏறி இறங்க முடிகிறது.

இருநூற்றுப் பதினேழு ஓட்டில் ஜெயித்தாய். இங்கே யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. மறுநாள் புருடென்சியா என்னிடம் வந்து, "நோட்ட பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். அதிலிருக்கும் பதினான்கு விஷயங்களையும் நகல் எடுத்து இதோடு அனுப்புகிறேன். முதலில் ஆஸ்பத்திரி. நீதான் மசோதா எழுத வேண்டும். எழுதியதை முதலில் எங்களுக்கு அனுப்பு. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம். ஜனவரியில் சபை கூடுமுன் வந்தால் நல்லது.

நான் யாருக்குப் போட்டேன் என்று தந்தியில் கேட்டாய். கடிதத்தில் கேட்டாய். போதாதென்று கொன்சுவேலோவை விட்டும் கேட்க வைத்தாய். அவள் பாவம், ஒரு பக்கம் சுற்றி வளைத்துக் கடைசி வரியில் கேட்டிருந்தாள்.

சொல்லப்போவதில்லை, தம்பி. முப்பத்து நான்கு வருஷமாக யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாப்பிடும்போது கூப்பிடுகிறார்கள், பூசை நடுவில் கூப்பிடுகிறார்கள். ஓட்டுச் சாவடித் தட்டிக்குப் பின்னால் பென்சிலோடு நிற்கும் இரண்டு நிமிடம் மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. அங்கே நான் மட்டும்தான். அந்த இடத்துக்குள் உன்னையும் விடமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு இருவரும் வாருங்கள். கோழி அடித்துவைக்கிறேன்.

உன்னை வளர்த்தவள்,
செவெரீனா